"எத்தனை பேரில்?" என்று கேட்கிற பெண்ணுக்கு

போன வாரம் ஓர் அம்மா, மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு மகளை என்னிடம் அழைத்து வந்தார். பி.எஸ்சி. புள்ளியியல், கடைசி வருடம். டேட்டா சயின்ஸ் மேற்படிப்பு படிக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். வீட்டை அடமானம் வைக்கவும் தயார் என்றார். மகள் வாயே திறக்கவில்லை. என் மேசையில் கிடந்த கல்லூரி விளம்பரத்தில் வேலை கிடைத்தோர் சதவீதத்தைப் பார்த்தவள், "இது எத்தனை பேரில்?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா, அந்தக் கடன் வேண்டாம். பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது பெரியப்பா இல்லை.

அவள் கேட்ட கேள்வியையே தினமும் கேட்கும் அலுவலகம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அதற்கு 'இன்ஸ்டிட்யூஷனல் ரிசர்ச்' என்று பெயர்; தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிய எண்களைத் திரட்டிச் சரிபார்த்து அறிக்கை தருவதுதான் அதன் வேலை. மாணவர் பதிவேடு நாளுக்கு நாள் மாறும்: ஒருவர் சேர்வார், ஒருவர் விலகுவார். அதனால் பருவம் தொடங்கிச் சில வாரங்களில் ஒரு நாளைக் குறித்து, அன்றைய நிலையை அப்படியே உறையவைத்துவிடுவார்கள். அந்தப் பருவத்தின் சேர்க்கைக் கணக்கெல்லாம் அந்தப் பிரதியிலிருந்துதான். அப்புறம் வரையறை. இரண்டு பாடங்களில் பட்டம் படிப்பவர் ஒருவரா, இருவரா? பகுதிநேர மாணவரை முழு ஆளாக எண்ணலாமா? அந்நாட்டு அரசு 'ஐபெட்ஸ்' என்ற பெயரில் கல்லூரிகளிடம் திரட்டும் புள்ளிவிவரத்தில், பட்டம் முடித்தோர் விகிதம் என்று ஒன்று உண்டு. அதில் நான்கு வருடப் பட்டத்துக்கு ஆறு வருடம் வரை கணக்கு. முதன்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் அதில் வருவார்கள். பாதியில் வேறு கல்லூரிக்கு மாறிப் பட்டம் வாங்கியவர், முதல் கல்லூரியின் கணக்கில் முடிக்காதவர்தான். இதை அடிக்குறிப்பில் எழுதாமல் விட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார். ஒரு பிரிவில் இரண்டே பேர் இருந்தால், ஆளை அடையாளம் காண முடியாதபடி அந்த எண்ணை மறைக்கவும் வேண்டும்.

சலிப்பான வேலை என்பார்கள். ஆனால் எண் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகமே 'யு.எஸ். நியூஸ்' வெளியிடும் பல்கலைக்கழகத் தரவரிசைக்குக் கொடுத்த எண்களைக் கேள்வி கேட்டார். சில எண்கள் தவறு என்று பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. 2-ஆம் இடத்தில் இருந்தது 18-க்கு இறங்கியது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் நிறுவனச் சம்பளத்தை இந்த வேலையில் எதிர்பார்க்காதீர்கள். இதே வேலைக்கு இடத்துக்கு இடம் பெயரும் மாறும், கல்யாண வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது. சரி, புரியாவிட்டால் என்ன? புள்ளியியல் பட்டம் கையில் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டியது தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழி, கருத்துக்கணிப்பு வடிவமைப்பு, சுருக்கமாக அறிக்கை எழுதும் பழக்கம். இவற்றுக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை.

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கை, பட்டம் முடித்தோர் போன்ற தங்கள் எண்களை ஒரே வடிவில் தரும் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையை இலவசமாக வெளியிடுகின்றன. இரண்டை இறக்கி, ஒரு மாலை முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அலுத்துவிட்டது என்றாளானால் வேறு வழி பார்க்கலாம். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் எனக்கு ஃபோன் செய்யுங்கள்.