நீளமான தரவுக்குள் திரும்பத் திரும்ப வரும் வடிவத்தை வேகமாகக் கண்டுபிடிக்க எந்த அல்காரிதம் நல்லது?

திரும்ப வருவது எதுவென்று முன்பே தெரிந்தால் 1977-இல் வந்த நூத்–மோரிஸ்–பிராட் என்ற தேடல் முறை போதும். எதுவென்றே தெரியாதபோதுதான் வேலை.

நான் காரைக்குடிப் பக்கம் தறிக்காரர்களுக்கு டிசைன் மென்பொருள் எழுதுகிறேன். கண்டாங்கிச் சேலையின் பாவு (நீளவாட்டு) நூல்களை நிற எண்களாக வரிசையாக எழுதினால் அது ஒரு நீண்ட சரம். (எண்ணே போடுங்கள். தமிழ் எழுத்துப் போட்டால் 'கி' கணினிக்கு இரண்டு குறியீடு, கணக்கு குழம்பும்.) எத்தனை நூலுக்கு ஒருமுறை கட்டம் திரும்புகிறது? இதற்கும் அதே நூத்–மோரிஸ்–பிராட்டின் ஃபெயிலியர் டேபிள் உதவும். ஒவ்வொரு இடம்வரை உள்ள பகுதியிலும், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி வரும் மிக நீளமான துண்டின் (முழுப்பகுதியைத் தவிர) நீளம்தான் அந்த டேபிள். 1 1 2 3 1 1 2 3 1 1 2 3 என்ற 12 நூலுக்கு டேபிளின் கடைசி மதிப்பு 8. பன்னிரண்டில் எட்டைக் கழித்தால் 4, அதுதான் கட்டம். சரத்தை ஒருமுறை ஓடினால் போதும்.

ஆனால் சேலைக்கு இரண்டு பக்கமும் கரை உண்டே! முழுச் சரமும் ஒரே சீராக இருக்காது. கரையை வெட்டிவிட்டு ஓட்டலாம். வெட்டும் இடம் தெரியாவிட்டால், குறைந்தது இரண்டு முறை அடுத்தடுத்துத் திரும்பும் நீட்சிகள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். மெயின்–லோரன்ட்ஸ் 1984-இல் இதற்கு, n நூலுக்கு n log n அளவு நேரம் எடுக்கும் வழி கொடுத்தார்கள். கோல்பகோவ்–குச்செரோவ் 1999-இல் அதை நேர்கோட்டு நேரத்துக்கு, அதாவது நூல் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்துக்கு, கொண்டுவந்தார்கள்.

அடுத்தடுத்து இல்லாமல் எங்கெங்கோ சிதறி வருகிறதா? அப்படியென்றால் சஃபிக்ஸ் அரே. எல்லாப் பின்பகுதிகளையும் (ஒவ்வொரு இடத்திலிருந்தும் சரத்தின் கடைசிவரை உள்ளவை) அகரவரிசைப்படுத்தி, பக்கத்துப் பக்கத்து இரண்டுக்கும் பொதுவான முன்பகுதி எவ்வளவு என்று பாருங்கள். அதில் பெரியதுதான் மிக நீளமான திரும்பல். அந்த நீளங்களை நேர்கோட்டு நேரத்தில் எடுக்க 2001-இல் வந்த கசாய் முறை இருக்கிறது. அதே பின்பகுதிகளை மரமாக அடுக்கும் சஃபிக்ஸ் ட்ரீயும் இதைச் செய்யும், ஆனால் மெமரியை விழுங்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரு எச்சரிக்கை: கட்டமில்லாத வெற்று உடலில் 1 1 1 1 வந்தால் விடை 3 என்று வரும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தபடி. படியக் கூடாதென்றால் தொடக்க இடங்களின் தூரத்தையும் சேர்த்துச் சோதியுங்கள்.

தரவு சரமாக இல்லாமல் கிளை பிரியும் மர அமைப்பு என்றால், ஒரே மாதிரிக் கிளைகளுக்குக் கீழிருந்து மேலாக ஒரே எண் கொடுத்துக்கொண்டே போங்கள், சமமானவை தானாகத் தெரியும். சேலையின் ஊடைக்கும் (குறுக்கு நூல்) நான் இதைத்தான் செய்கிறேன். ஒரே மாதிரி வரிகளுக்கு ஒரே எண், அப்புறம் அந்த எண்களை மேலிருந்து கீழாக அதே ஃபெயிலியர் டேபிளில் ஓட்டினால் கட்டத்தின் உயரமும் வந்துவிடும்.