தரங்கம்பாடிக்குப் போக மாதம் பார்ப்பதா, நாள் பார்ப்பதா?

வாசகர் கேள்வி: சென்னையில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். மாமியாருக்கு 68 வயது. சனி, ஞாயிறுகளில் மாமல்லபுரமும் புதுச்சேரியும் எங்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. கூட்டமில்லாத மாதமாகப் பார்த்துத் தரங்கம்பாடிக்குப் போய்வர நினைக்கிறோம். நவம்பரில் போனால் வாடகை பாதியாகிவிடும் என்கிறார்கள். அது சரியான யோசனையா? செலவை வேறு எதில் குறைக்கலாம்?

பதில்: நவம்பர் வேண்டாம். வாடகை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது குறைவதற்கான காரணமே உங்கள் பயணத்தைக் கெடுக்கக்கூடியது. காவிரிப் படுகையின் கடலோரத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. அதிலும் நவம்பர்தான் உச்சம். 2018 நவம்பரில் கஜா புயல் இதே கடற்கரையின் தென்கோடியில், வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, மின்சாரம் திரும்பி வரப் பல ஊர்கள் நாள்கணக்கில் காத்திருந்தன. எல்லா ஆண்டும் புயல் வருவதில்லை என்றாலும், வயதானவரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லும் இரண்டு நாள் பயணத்தில் ஒரு நாள் முழுவதும் மழையில் போனால், மிச்சம் பிடித்த வாடகைக்குப் பொருளே இல்லாமல் போகும்.

உங்களுக்கு ஏற்ற காலம் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை. ஜூன் 14 வரை நடப்பில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போய்வரத் தொடங்கியிருக்கும். தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்காரர்கள் பிடித்து வருவதுதான் கரைக்கு வரும் மீன் என்பதால் கடலோர ஊரிலேயே நல்ல மீன் அரிதாகி, விலையும் ஏறியிருக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்திருந்தால் வழியெல்லாம் குறுவைப் பயிர் பச்சைகட்டி நிற்கும். வெயில் இருக்கும், மறுப்பதற்கில்லை. மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக வீசும் அந்த மாதங்களில் கடற்காற்று பிற்பகலில்தான் கரையேறும். எனவே காலை ஆறு மணி முதல் எட்டரை வரையிலும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் ஊரைச் சுற்றிப் பார்ப்பது, நடுப்பகலை அறையில் கழிப்பது என்று வகுத்துக்கொண்டால் வெயில் ஒரு தடையே இல்லை.

ஆனால் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தரங்கம்பாடியைச் சுற்றியுள்ள பகுதியில் அறை வாடகையை ஏற்றுவதும் இறக்குவதும் சுற்றுலாப் பருவத்தைவிடக் கோயில் நாள்களே. ஊருக்குள் தங்குமிடங்கள் மிகக் குறைவு. ஆகவே பெரும்பாலானோர் சுமார் 15 கி.மீ. தெற்கே காரைக்காலிலோ, ஏழெட்டு கி.மீ. தொலைவிலுள்ள திருக்கடையூரிலோ அறை எடுக்கிறார்கள். காரைக்காலை ஒட்டியிருக்கும் திருநள்ளாற்றுக்குச் சனிபகவானைத் தரிசிக்க வெள்ளி இரவே கூட்டம் வந்து இறங்கிவிடும் என்பதால், உங்களுக்கு விடுமுறையாகிய சனிக்கிழமைதான் அங்குள்ள விடுதிகளுக்கு வாரத்திலேயே பரபரப்பான நாள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்நாள்களில் நாகப்பட்டினம் வழிச் செல்லும் ரயில்களில் இடம் கிடைக்காது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடைப்பயணிகள் கூட்டங்கூட்டமாகச் சென்றுகொண்டிருப்பார்கள். ஆடி அமாவாசையன்று பூம்புகார்ச் சாலையும் அப்படித்தான்.

திருக்கடையூரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஆடியில் கல்யாணம் நடப்பதில்லை, அதனால் அங்கே அறைகள் காலியாகக் கிடக்கும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். நானும் ஒரு முறை அப்படி நம்பி, ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் நான்கு விடுதிகளின் படியேறி இறங்கியிருக்கிறேன். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் முகூர்த்த நாள் பார்த்து நடப்பவை அல்ல. பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து நடப்பவை. ஆடியில் பிறந்தவருக்கு ஆடியிலேதான் செய்தாக வேண்டும். ஆகவே அமிர்தகடேசுவரர் கோயிலை அடுத்த விடுதிகளில் எந்த மாதமும் வாடகை இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தரிசனத்துக்குப் போங்கள், தங்குவதற்கு வேண்டாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், உங்கள் வார இறுதியை ஒரு நாள் தள்ளிவைப்பதுதான் செலவைக் குறைக்கும் முதல் வழி. சனிக்கிழமை இரவு எழும்பூரில் காரைக்கால் விரைவு ரயிலில் ஏறி, ஞாயிறு விடியலில் காரைக்காலில் இறங்குங்கள்; திங்கள் இரவு மயிலாடுதுறையில் ரயில் பிடித்துத் திரும்புங்கள். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு தேவைப்படும். அதற்கு ஈடாக, இரண்டு இரவுக்குப் பதில் ஒரே இரவுக்கு அறை எடுத்தால் போதும். அந்த இரவும் எல்லோரும் ஊர் திரும்பிக்கொண்டிருக்கும் ஞாயிறு இரவு. விடுதிக்காரரிடம் வாடகையைப் பேசிக் குறைக்க அதைவிட நல்ல இரவு கிடையாது. காரைக்காலிலிருந்து திரும்பாமல் மயிலாடுதுறைக்குப் போகச் சொல்வது, அது சந்திப்பு நிலையமாதலால் சென்னைக்குக் கூடுதல் ரயில்கள் இருப்பதால்தான்.

ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கிறது, அன்றே எடுத்துவிடுங்கள். மாமியாருக்கு மட்டும் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் தனி டிக்கெட் எடுப்பது நல்லது. ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. கீழ்ப்படுக்கை கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

அந்த ஓர் இரவைத் தரங்கம்பாடிக் கோட்டைப் பகுதிக்குள்ளேயே கழியுங்கள் என்பது என் யோசனை. பழைய கட்டடங்களைப் புதுப்பித்து நடத்தப்படும் பாரம்பரிய விடுதிகளில் வாடகை சற்றுக் கூடுதல்தான். ஆனால் அந்த ஊர் அழகாக இருப்பது பொழுது புலரும்போதும் சாயும்போதும். காரைக்காலில் தங்குபவர்கள் அந்த இரண்டு வேளையையும் பேருந்தில் தொலைத்துவிடுகிறார்கள். இணையத்தில் பதிவதற்கு முன் விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். தரைத்தள அறை வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய மாளிகைகளின் மாடிப்படிகள் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாதவை. காலையிலேயே வந்து குளித்து உடை மாற்ற இடம் தருவார்களா, கூடுதல் படுக்கைக்கு என்ன கட்டணம், காலை உணவு சேர்ந்ததா, மின்வெட்டின்போது ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா அல்லது மின்விசிறி மட்டும்தானா என்று கேளுங்கள். ஜூலை நடுப்பகலில் கடைசிக் கேள்விதான் முக்கியம். காலையில் இடம் தர மறுத்தால், காரைக்காலில் 24 மணி நேர முறையில் வாடகை வாங்கும் விடுதியாகப் பார்த்துக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் ஆறு மணி வரை உங்களுடையது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஊராகையால், மதுக்கூடம் இல்லாத விடுதிதானா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் வண்டிச் செலவே கிடையாது. 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜா வீதியில் நடந்தால் சில நிமிடங்களில் கடல் வந்துவிடும். வழியில் 1701-ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயம். அடுத்து, 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம். அதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் மகுடச் சின்னத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்க் அடக்கமாகியிருப்பது அங்கேதான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் டேனியர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையை ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடுங்கள். கோட்டைக்கு வடக்கே, 1306-இல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியும் இந்தக் கரையைச் சும்மா விடவில்லை. அலைகள் பாறைகளில் மோதும் இந்தக் கடலில் குளிக்கலாம் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டில் சிக்கனம் வேண்டுமானால், விடுதியில் ஒரு வேளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வேளைகளுக்கு இரண்டு மூன்று கி.மீ. தள்ளியுள்ள பொறையாறு கடைத்தெருவுக்கு ஆட்டோவில் போய்வாருங்கள். வாடகை காரைத் திங்கள் பிற்பகலுக்கு மட்டும் பேசுங்கள்: திருக்கடையூரில் நடைதிறக்கும் வேளைக்குப் போய் அபிராமியைத் தரிசித்துவிட்டு, அப்படியே மயிலாடுதுறை நிலையத்தில் இறக்கிவிடும்படி. பூம்புகாரையும் அதே பிற்பகலில் சேர்க்க ஓட்டுநர் ஆசை காட்டுவார். மாமியாரின் உடல்நிலையை எண்ணி அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.