ஸ்மார்ட் போர்டு வந்துடுச்சு, பசங்க வாய்தான் தொறக்கல

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப்பள்ளியில ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்குறேன். போன வருஷம் ஸ்மார்ட் போர்டு வந்துச்சு. பாட வீடியோ போட்டா பசங்க அமைதியா பாக்குறாங்க. முடிஞ்சதும் ஒரு கேள்வி கேட்டா ஒருத்தரும் எந்திரிச்சு ஒரு வாக்கியம் பேச மாட்டேங்குறாங்க. எனக்கு 51 வயசு. டெக்னாலஜி நமக்கு ஒத்துவராதோனு தோணுது. பழையபடி சாக்பீசுக்கே போயிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை)

பதில்:

டீச்சர், மொதல்ல அந்த 51ஐ ஓரமா வைங்க. நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ப்ரொஜெக்டர் ஒயரை எந்த ஓட்டைல சொருகணும்னு எட்டாங்கிளாஸ் பையன ஒருத்தனதான் கூப்பிடுவேன். சொல்லப்போனா "மிஸ், கேபிள் லூஸ்"னு அவன் சொன்னதுதான் அந்த வருஷம் அவன் தானா பேசின மொத இங்கிலீஷ்.

உங்க லெட்டர்ல "அமைதியா பாக்குறாங்க"னு ஒரு வரி இருக்கு பாருங்க, நான் அங்கயே நின்னுட்டேன். இங்கிலீஷ் பீரியட்ல அமைதி எதுக்கு? 40 நிமிஷ பீரியட், கிளாஸ்ல 40 பேர்னு வைங்க, ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசினாலே பெல் அடிச்சிடும், அதுல 20 நிமிஷத்த வீடியோ தின்னுட்டா மிச்சத்துல நீங்க விளக்கம் சொல்லுவீங்க, அப்புறம் பசங்க எப்பதான் பேசுவாங்க? 2018ல புது புக் வந்தப்ப க்யூஆர் கோடு வந்துச்சு, 2019ல கல்வி டிவி, 2023ல மணற்கேணி ஆப். எல்லாமே நல்ல வேலைதான், நான் குறை சொல்லல. ஆனா இதுல பெரும்பாலும் இருக்கறது பாடத்த விளக்கற வீடியோ. இதயம் எப்படி ரத்தத்த பம்ப் பண்ணுதுனு காட்ட அது போதும், மொழிக்குப் போதாது. மணற்கேணினு பேரு வச்சிருக்காங்க, தோண்டினாதானே ஊறும், கரையில உக்காந்து பாத்தா ஊறுமா?

அதனால வீடியோவ தூக்கிப் போட வேணாம், நடுவுல நிறுத்துங்க. பத்தாவதுல அந்த சீகல் குஞ்சு பாடம் இருக்கே, பசி தாங்காம அம்மா வாயில இருக்கற மீனப் பாத்துப் பாயுதே, கரெக்டா அந்த இடத்துல பாஸ் பண்ணிடுங்க. அடுத்து என்ன ஆகும்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட ஒரு வரி இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க. உங்ககிட்ட இல்ல, பக்கத்து பெஞ்சுக்கு, அதுல பயம் பாதி போயிடும். சத்தம் வரும், ஹெச்எம் எட்டிப் பாப்பாரு, பாக்கட்டும். அப்புறம் ஒண்ணு, வீடியோவ முந்தின நாளே டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல வச்சுக்குங்க. நான் ஒரு தடவ நேரா யூட்யூப்ல போட்டு நடுவுல ஒரு உள்ளாடை விளம்பரம் வந்து, ஒன்பதாங்கிளாஸ் மொத்தமும் சிரிச்ச சிரிப்புல அன்னிக்குப் பாடம் அங்கயே முடிஞ்சுது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். உங்க பசங்க புக்க வாங்கிப் பாருங்க, ஒவ்வொரு இங்கிலீஷ் வரிக்குக் கீழயும் பென்சில்ல தமிழ் எழுத்துல எழுதி வச்சிருப்பாங்க. படிக்கறது அதத்தான். 'பேக்'னு தமிழ்ல எழுதினா அது தோள்ல மாட்டுற பையா, முதுகா, மூட்டை கட்டுறதா? நம்ம எழுத்துல ப ஒண்ணு, க ஒண்ணு, அழுத்திச் சொல்றதும் மென்மையா சொல்றதும் இடத்தப் பொறுத்து தானா வரும், தமிழுக்கு அது போதும். இங்கிலீஷ்ல அங்கதான் அர்த்தமே மாறுது. இத நாம கத்திக் கத்திச் சொன்னாலும் பசங்க காதுல விழாது, ஏன்னா நமக்கு அவங்க என்ன சொல்ல வர்றாங்கனு புரிஞ்சிடுது, அவங்களுக்கும் நமக்குப் புரிஞ்சது தெரிஞ்சிடுது. போனுக்கு அந்தக் கருணை கிடையாது! உங்க போன் கீபோர்டுல மைக் படம் இருக்கும், மொழிய இங்கிலீஷ் இந்தியானு வச்சுட்டு ஒரு பையன 'பை'ய இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க. ஸ்கிரீன்ல முதுகு வந்து நிக்கும். அவனே திரும்பச் சொல்லுவான், மூணாவது தடவ சரியா வர்றப்ப கிளாஸே கைதட்டும். சுத்துற ஃபேனும் பொரிக்கிற பேனும், கப்பல் ஷிப்பும் செம்மறியாடு ஷீப்பும், இப்படி ஜோடி ஜோடியா ஒரு 20 வார்த்தை எடுத்து வச்சுக்குங்க.

ஒரே ஒரு சூட்சுமம், தனி வார்த்தையாதான் சொல்லணும். முழு வாக்கியமா சொன்னா அது முன்னபின்ன பாத்து தானே திருத்தி எழுதிடும், தப்பு வெளிய வராது. அதே மாதிரி அது எழுதினதுதான் தீர்ப்புனும் நம்பிடாதீங்க, ஃபேன் சத்தத்துலயும் பக்கத்து கிளாஸ் வாய்ப்பாட்டு சத்தத்துலயும் அதுக்குக் காது கேக்காது. 30 வருஷம் இங்கிலீஷ் எடுத்த என்னையே எத்தன தடவ தப்பா எழுதியிருக்கு. ரெண்டு தடவ வரலனா உங்க காத நம்புங்க, மார்க் மட்டும் இத வச்சுப் போட்டுடாதீங்க.

பரிட்சைக்கு இதெல்லாம் எதுக்குனு ஹெச்எம் கேப்பாரு. நியாயம்தான், பத்தாவது இங்கிலீஷ் 100 மார்க்கும் எழுத்துத்தான், பேச்சுக்கு ஒரு மார்க் கிடையாது. அவருக்கு மேப் கேள்விய காட்டுங்க. படத்தப் பாத்து ஒருத்தருக்கு வழி சொல்ற கேள்வி வருதுல்ல, அதுக்கு புக்ல இருக்கற யாரோ ஊர் படம் எதுக்கு, கூகுள் மேப்ஸ்ல உங்க ஊரையே போர்டுல போடுங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஸ்கூலுக்கு வழி சொல்லுனா, "மிஸ் அந்த ரோட்டுல போகக்கூடாது, ரயில்வே கேட் போட்டுருப்பாங்க"னு சண்டை வரும். அந்த சண்டைய இங்கிலீஷ்ல போடச் சொல்லுங்க. லெஃப்ட், ரைட், ஸ்ட்ரெய்ட்ட வச்சே பாதி சண்டை போட்டுடலாம். முடிஞ்சதும் அதையே நோட்டுல எழுதினா அதுதான் விடை.

வீட்டுப்பாடத்துக்கு 30 செகண்ட் வாய்ஸ் மெசேஜ் கேளுங்க, அம்மா போன்லயோ அப்பா போன்லயோ, வாரத்துக்கு ஒண்ணு போதும். ஆனா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லாதீங்க, பொம்பளப் புள்ளைங்க வீட்டு நம்பர் 40 பேருக்குத் தெரியறது நல்லதில்ல, உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். வீட்டுல போன் இல்லாத புள்ளைங்க கண்டிப்பா இருக்கும். அவங்கள இன்டர்வெல்ல கூப்பிட்டு உங்க போன்லயே பேச வைங்க, அத எல்லார் முன்னாடியும் சொல்லிக் காட்டாம.

சாட்ஜிபிடிய பத்தி நீங்க கேக்கல, ஆனா பசங்க லெட்டர் ரைட்டிங்குக்கு அதத்தான் காப்பி அடிக்கப் போறாங்க. அந்த லெட்டர நீங்களே வாங்கி, நாலு இடத்துல கெடுத்துட்டு, தப்ப கண்டுபிடினு போர்டுல போடுங்க.

சாக்பீச விடச் சொல்லி யாரு சொன்னா? கரெண்ட் போனா அதுதானே துணை. நாளைக்கு மொத பத்து நிமிஷம் மட்டும் அந்த மைக்க ஆன் பண்ணி, கடைசி பெஞ்சுல இருந்து ஆரம்பிங்க. மூணு பேக்ல உங்க கிளாசுக்கு எது வரவே மாட்டேங்குதுனு எனக்கு எழுதுங்க, தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.