வாசலுக்கு மகிழமா, புன்னையா?

கேள்வி: வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் வீடு. கடல் கிழக்கே அரை கிலோமீட்டர்தான். வீடு மேற்கு பார்த்தது, வாசலில் மதிலுக்கும் திண்ணைக்கும் நடுவே 16 அடி இருக்கிறது. கொல்லை 50 அடிக்கு மேல் கடல் பக்கமாகக் கிடக்கிறது. வாசலில் நின்ற வேப்பமரம் கஜா புயலில் சாய்ந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பு மதில் கட்டியபோது ஒரு பக்க வேரை வெட்டியிருந்தோம். இப்போது அந்த இடத்தில் எப்போதும் பச்சையாக இருக்கிற, இலை உதிர்க்காத மரம் ஒன்று வைக்க ஆசை. மகிழம் வைக்கலாம் என்று அம்மா சொல்கிறார். காற்றுக்குப் புன்னைதான் நிற்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கிணற்று நீர் கொஞ்சம் உப்பு. எதை வைப்பது?

பதில்: வாசலுக்கு மகிழம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் சரிதான், ஆனால் அது கொல்லைக்குப் பொருந்துகிற யோசனை. காரணத்தைச் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பேசிவிடலாம்.

முதலாவது, இலை உதிர்க்காத மரம் என்று எதுவும் இல்லை. பசுமை மாறா மரம் என்றால் மொத்த இலையையும் ஒரே பருவத்தில் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்காது, அவ்வளவுதான். பழைய இலையை வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். வேம்புக்கு மாசி பங்குனியில் ஒரு மாதம் மாய்ந்து மாய்ந்து பெருக்கினீர்கள். இனி தினமும் ஒரு கை அளவு பெருக்குவீர்கள். விளக்குமாறு வைக்கிற இடத்தை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டாவது, வேம்பைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பக்கத்து வேரை வெட்டிய மரத்துக்கு அந்தப் பக்கம் பிடிமானமே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது தென்னையே தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. பாதி வேரோடு நின்ற வேம்பு என்ன செய்யும்? புதிதாக எதை வைத்தாலும் இதே கதை நடக்கும் என்பதால்தான் சொல்கிறேன். மதில், செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய் எல்லாம் எங்கே போகின்றன என்று பார்த்துவிட்டு அப்புறம் குழி தோண்டுங்கள்.

சரி, புன்னைக்கு வருவோம். புன்னை நெய்தல் நிலத்து மரம். அலை ஏறுகிற எல்லைக்குச் சற்று மேலே, வெறும் மணலில் தானாக நிற்கக்கூடியது. இலை தோல் போலத் தடித்து, எண்ணெய் தடவியது மாதிரி பளபளக்கும். உப்புத் துளி அதன் மேல் பட்டு வழிந்துவிடும். கிணற்று நீரில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் முகம் சுளிக்காது. கடல் காற்றுக்கு எதிரே முதல் வரிசையில் நிறுத்த, நம் கரையில் இதைவிடப் பொருத்தமான மரங்கள் மிகக் குறைவு.

ஆனால் இதற்கு இடம் வேண்டும். புன்னை உயரமாகப் போவதைவிடப் பக்கவாட்டில் விரியும், பல சமயம் அடிமரமே ஒரு பக்கம் சாய்ந்து வளரும். வளர்ந்த மரத்தின் கிளை இருபுறமும் சேர்த்து 30 அடிக்குப் போவது சாதாரணம். 16 அடி வாசலில் வைத்தால் பாதி மரம் ரோட்டில் இருக்கும், மீதி உங்கள் மாடியில். ரோட்டில் போகிற கிளையை மின்கம்பிக்காக யாராவது ஒருநாள் ஒரு பக்கமாக வெட்டுவார்கள். மறுபடியும் ஒருபக்க மரம்.

காயையும் சொல்ல வேண்டும். கோலிக்குண்டைவிடப் பெரிதாக, உருண்டையாக, உள்ளே கட்டையான ஓடு. சிமெண்ட் தரையில் அதன் மேல் கால் வைத்தால் வழுக்கி விழ வேண்டியதுதான். பழுத்த காலத்தில் வௌவால் வரும், சதையைக் கடித்துவிட்டுக் கொட்டையை எங்காவது போடும், கீழே நிற்கிற வண்டியின் கதி உங்களுக்கே தெரியும். கிளை ஒடித்தால் வடிகிற பால் கண்ணில் பட்டால் எரியும், பருப்பைத் தின்னக் கூடாது. சின்னக் குழந்தைகள் விளையாடுகிற வாசலுக்கு இது எதுவும் தேவையில்லை. கொல்லையில் இதெல்லாம் தொல்லையே அல்ல. அந்தப் பருப்பை ஆட்டி எடுத்த எண்ணெயில்தான் மண்ணெண்ணெய் வருமுன் பல கரையோர வீடுகளில் விளக்கு எரிந்தது.

மகிழம் நேர் எதிர்க் குணம். சப்போட்டாவுக்குச் சொந்தக்கார மரம். மெதுவாக வளரும், ரொம்பவே மெதுவாக. என் தோட்டத்து மகிழம் முதல் பூவைக் காட்ட ஏழு வருடம் எடுத்துக்கொண்டது, நான் நம்பிக்கையை விட்ட பிறகுதான் பூத்தது. அந்த மந்தம்தான் சின்ன வாசலுக்கு அனுகூலம். தலை அடர்த்தியாக, உருண்டையாகக் கூடும். கத்தரித்தால் கோபித்துக்கொள்ளாது, வேண்டிய அளவில் நிறுத்தி வைக்கலாம். கீழே நிழல் நன்றாகக் கருப்புக் கட்டும்.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. மகிழம்பூ முழுப் பூவாக விழுவதில்லை. சூலகம் கிளையிலேயே தங்கிவிட, இதழ் வட்டம் மட்டும் கழன்று விழும். அதனால்தான் நடுவில் ஓட்டை இருக்கிறது, கட்டாமல் நாரிலேயே கோத்துவிடலாம். காய்ந்த பிறகும் வாசம் போகாது என்பதால் துணிப் பெட்டிக்குள் போட்டு வைப்பார்கள். உங்கள் அம்மா மகிழம் கேட்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பழம் செம்மஞ்சளாக, மாவு மாதிரி, கொஞ்சம் துவர்ப்பாக இருக்கும். பிள்ளைகள் தின்னலாம், தின்னாவிட்டால் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

அதன் பலவீனம் உப்புக் காற்று. கரையோரத்தில் நன்றாகவே வளரும், ஆனால் உப்புத் துளி நேராக அறைகிற இடத்தில் இளங்கன்றின் கொழுந்து கருகும். உங்கள் வீடு மேற்கு பார்த்ததாக இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. கடல் காற்றை வீடே மறைத்துக்கொள்கிறது, மகிழம் அதன் மறைவில் நிற்கும். இதே வீடு கிழக்கு பார்த்ததாக இருந்திருந்தால் என் பதில் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

ஆகவே வாசலில் மகிழத்தைத் திண்ணையிலிருந்து 9 அடியாவது தள்ளி வையுங்கள், மதில் பக்கம் நெருங்கினால் பரவாயில்லை. முடிந்தால் கொல்லையில், வீட்டுச் சுவரிலிருந்து 25 அடி தள்ளி, ஒரு புன்னையும் வையுங்கள். புன்னை வளர வளர உப்பை அது வாங்கிக்கொள்ளும், பின்னால் முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் நிம்மதியாக இருக்கும்.

வாசலில் இந்த மரம் ஆகுமா என்று யாராவது கேட்டால், மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் தல மரம் புன்னை, திருவொற்றியூரில் மகிழம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டும் கடல் பார்த்த ஊர்தான்.

கன்று வாங்கும்போது கவனம். புன்னை கேட்டால் சிலர் புங்கன் எடுத்துத் தருவார்கள், பெயர்க் குழப்பம்தான். புங்கனில் ஒரு காம்பில் ஐந்து ஏழு சிற்றிலை இருக்கும். புன்னை தனி இலை, எதிரெதிராக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் நடு நரம்பிலிருந்து மயிரிழை மாதிரி நெருக்கமாகப் பக்க நரம்புகள் ஓடுவது தெரியும். மகிழ இலையின் ஓரம் லேசாக அலை அலையாக இருக்கும்.

எட்டடி உயரக் கன்று அழகாகத்தான் இருக்கும், வாங்காதீர்கள். நானே ஒருமுறை ஏமாந்தேன். ஆளுயரப் புன்னை, நல்ல விலை, நாலு வருடம் கம்பீரமாக நின்றது. சாதாரண மழைக்காற்றில் ஒருநாள் படுத்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் ஆணிவேர் பாலித்தீன் பைக்குள் எப்படிச் சுருண்டதோ அப்படியே இருக்கிறது, மண்ணுக்குள் ஓரடிகூட இறங்கவில்லை. அன்றிலிருந்து இரண்டடிக்கு மேல் உள்ள கன்றை வாங்குவதில்லை. பையைக் கிழித்ததும் அடியில் சுற்றிய வேரைக் கத்தரித்து விடுங்கள். விதையிலிருந்தே வளர்க்கலாம் என்றால், புன்னைக் கொட்டையின் ஓட்டைப் பக்குவமாக உடைத்து எடுத்துவிட்டு ஊன்றினால் மூன்று வாரத்தில் முளை காணலாம். ஓட்டோடு ஊன்றினால் இரண்டு மாதம்கூட ஆகும்.

குழி இரண்டுக்கு இரண்டு அடி, ஆழமும் இரண்டு அடி. அடியில் தேங்காய் மட்டையைக் குழிவு மேலே பார்க்க அடுக்குங்கள், உங்கள் மணலில் அதுதான் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. மேலே செம்மண், மக்கிய தொழு உரம், எடுத்த மணல் மூன்றும் கலந்து நிரப்புங்கள். தினமும் ஒரு செம்பு ஊற்றுகிற பழக்கம் வேண்டாம். அப்படிச் செய்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும், வேரும் மேலேயே நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம் முழுசாக ஊற்றினால் உப்பைக் கீழே தள்ளும், வேரும் தண்ணீரைத் தேடி இறங்கும். மகிழத்துக்கு மட்டும் முதல் இரண்டு கோடைக்கு, முடிந்தவரை சேமித்த மழைநீரைக் கொடுங்கள்.

புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். காற்றுக் காலம் என்பதால் ஒரு கம்பு ஊன்றி, தளர்வாகச் சணல் கயிற்றால் கட்டுங்கள். கன்று கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் அடிமரம் தடிக்கும். அடுத்த புரட்டாசிக்குள் கம்பைப் பிடுங்கிவிடுங்கள்.