தண்ணீர் ஊற்ற யார் வந்திருக்க வேண்டும்?

கேள்வி: நான் சின்ன கட்டட கான்ட்ராக்டர். ஆறு வருடமாக ஒரே மேஸ்திரி டீம். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்ட மறுநாள் மேஸ்திரியின் அம்மா இறந்துவிட, மொத்த டீமும் விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போய்விட்டது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் தளத்தில் விரிசல். (அந்த வாரம் மச்சினன் நிச்சயதார்த்தம், நானும் சைட்டுக்குப் போகவில்லை.) வீட்டுக்காரர் பணத்தை நிறுத்திவிட்டார். இவர்களுக்கு வேலையில் ஈடுபாடு வர, பாதிக் கூலியைப் பிடித்து வைக்கலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: பிடிக்கக் கூடாது. ஒரு ரூபாய்கூட.

தம்பி, அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்த அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நிச்சயதார்த்தம் ஒரு நாள். நீங்கள் சைட் பக்கம் போகாதது ஒரு வாரம். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கப் போனவருக்கு ஈடுபாடு இல்லை, பந்தியில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு இருக்கிறதா?

தளத்தில் தண்ணீர் நிறுத்தக் கொத்தனார் எதற்கு? பாத்தி கட்டிவிட்டால் காலையும் மாலையும் ஹோஸ் பிடிக்க ஓர் ஆள் போதும். அந்த ஆள் நீங்கள்தான். இப்போது வீடுகளுக்கு அதிகம் வாங்குவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட். அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது, 14 நாள் வரை நீட்டினால் நல்லது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ஏ சொல்கிறது. இது உங்களுக்குத் தெரியாததா?

மொத்த டீமும் போனதுதான் உங்களுக்குக் கோபம். ஒரே ஊர்க்காரர்கள், பாடை தூக்க ஆள் வேண்டாமா? சாவுக்குச் சேர்ந்து போகிறவர்கள்தான், தளம் போடும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் சட்டியைக் கீழே வைக்காமல் நிற்பார்கள். ஆறு வருடம் அந்த ஒற்றுமையில்தான் நீங்கள் சம்பாதித்தீர்கள். கூலியைப் பிடித்தால் அடுத்த திங்கட்கிழமை அவர்கள் வேறு சைட்டில் இருப்பார்கள். உங்களுக்கு வாரம் ஒரு புது முகம் வரும், முந்தைய ஆள் எதைப் பாதியில் விட்டார் என்றுகூடத் தெரியாமல்.

சரி, விரிசல். முட்டுப் பிரிப்பதற்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள், செலவு உங்களுடையது. வீட்டுக்காரரிடம் மேஸ்திரி மேல் பழி போட்டிருந்தால், நேரில் போய் மாற்றிச் சொல்லுங்கள்.

16-ஆம் நாள் காரியம் முடிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. முடியவில்லை என்றால் மனைவியையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறுங்கள். முடிந்திருந்தாலும் ஏறுங்கள். பாக்கிக் கூலி கையில் இருக்கட்டும், ஆனால் போனதும் கணக்குப் பேசாதீர்கள். முதலில் அந்த அம்மாவைப் பற்றிக் கேளுங்கள்.