விஷ ஊசிக்குப் பயப்படுகிறீர்கள், எனக்குப் பயம் மற்ற ஊசியிடம்

கேள்வி: எனக்கு 47 வயது. பள்ளியில் கணக்கு ஆசிரியை. புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடுகள் செங்குத்தாக ஆழமாக விழுந்துவிட்டன. சும்மா உட்கார்ந்திருந்தாலும் "ஏன் டீச்சர் கோபமா இருக்கீங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பும் கூடிக்கொண்டே போகிறது. மகள் போட்டாக்ஸ் போட்டுக்கொள் என்கிறாள். தோழியோ, "அது விஷம், ஃபில்லர்தான் இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்கிறாள். அவள் போகும் அழகு நிலையத்திலேயே போடுகிறார்களாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நடுவில் நிறுத்தினால் முகம் முன்பைவிட மோசமாகிவிடுமா? இதய மருத்துவர் சொல்லி தினமும் ஆஸ்பிரின் மாத்திரை எடுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: முதலில் ஒரு கண்ணாடி முன்னால் உட்காருங்கள். முகத்தைத் தளர விட்டுப் பாருங்கள். அப்புறம் நன்றாக முறைத்துப் பாருங்கள். முறைக்கும்போது மட்டும் கோடு விழுந்து, விட்டதும் மறைந்தால் அது தசை இழுப்பதால் வரும் சுருக்கம். முகம் ஓய்வாக இருக்கும்போதும் கோடு அப்படியே நின்றால், இழுத்து இழுத்துத் தோலே மடிந்து பழகிவிட்டது என்று பொருள். ஒரே காகிதத்தை ஒரே இடத்தில் பல ஆண்டுகள் மடித்தது போல. மூக்கோர மடிப்பு இந்த இரண்டிலும் சேராது. கன்னத்தின் கொழுப்பும் எலும்பின் தாங்கலும் வயதோடு குறைந்து, மேலே இருந்தது கீழே இறங்குவதால் வருவது அது. உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். ஒரே ஊசியில் இரண்டும் தீராது.

மகள் சொல்வது தசைக்கான ஊசி. போட்டாக்ஸ் என்பது ஒரு நிறுவனம் வைத்த பெயர், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மருந்து பாட்டுலினம் டாக்சின், ஏ வகை. டிஸ்போர்ட், ஸியோமின் என்று வேறு பெயர்களிலும் வருகிறது. தோழி சொன்னதில் ஒரு பாதி உண்மை: இது விஷம்தான். கெட்டுப்போன பதப்படுத்திய உணவில் வளரும் ஒரு பாக்டீரியா சுரக்கும் நஞ்சு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தொத்திறைச்சி சாப்பிட்டவர்கள் கைகால் விழுந்து, மூச்சடைத்து இறந்ததை ஜஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். தொத்திறைச்சிக்கான லத்தீன் சொல்லான 'பாட்டுலஸ்' என்பதிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது.

நரம்பு ஒரு தசையை அசைக்க வேண்டுமென்றால் அதன் நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வர வேண்டும். அது வெளியே வர உதவும் புரதம் ஒன்றை இந்த மருந்து வெட்டிவிடுகிறது. நரம்பு செத்துப்போவதில்லை, தசையும் அழிவதில்லை. இடையில் பேச்சு நின்றுபோகிறது. அதனால் தசை இழுப்பதை நிறுத்துகிறது, அதன் மேலிருக்கும் தோல் தளர்கிறது. சில மாதங்களில் நரம்பு நுனி தன்னைச் சரிசெய்துகொண்டு பழையபடி வேலை செய்யத் தொடங்கும்.

இதை முகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அழகுக் கலைஞர்கள் அல்ல, கண் மருத்துவர்கள். மாறுகண்ணுக்கு அறுவை இல்லாமல் வழி தேடிய ஆலன் ஸ்காட் 1970களில் இதைக் குரங்குகளிடம் சோதித்தார். 1989இல் மாறுகண்ணுக்கும், கண் இமை கட்டுக்கடங்காமல் இறுகிக்கொள்ளும் நோய்க்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமை நோய்க்காக ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, ஒருநாள் புருவ நடுவில் ஏன் போடவில்லை என்று கோபித்துக்கொண்டாராம். அங்கே போட்டால் முகமே கவலையில்லாமல் ஆகிவிடுகிறதே என்பது அவர் வாதம். ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் புருவக் கோட்டுக்கான பயனைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2002இல் அமெரிக்காவில் அதற்கென்றே அனுமதி வந்தது. நீங்கள் கேட்கும் அதே கோடுதான்.

சரி, விஷம் என்ற பயத்துக்கு வருவோம். புருவ நடுவில் வழக்கமாகப் போடுவது ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட் (போட்டாக்ஸ் கணக்கில்). ஒரு பெரியவரின் உயிருக்கு ஆபத்தாகும் அளவு சுமார் 3,000 யூனிட் என்று விலங்குச் சோதனைகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இடைவெளி பெரியது. மற்ற நோய்களுக்காகப் பெரிய அளவில் போடும்போது மருந்து பரவி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்ததுண்டு. அதற்காக 2009இல் அமெரிக்காவில் மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தார்கள். முகச் சுருக்கத்துக்கான அளவில், தேர்ந்த கையில், அப்படி நேர்வது அரிதிலும் அரிது. ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல என்பதையும் கணக்கு ஆசிரியையிடம் சொல்லிவைக்க வேண்டும். "அங்கே 50 யூனிட் தருகிறார்கள், இங்கே 20தான்" என்று ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஊசி போட்ட அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாளில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதம் நிற்கும். அதனால் திருமண விழாவுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். போட்ட பிறகு அன்று முழுவதும் அந்த இடத்தைத் தேய்க்கவோ மசாஜ் செய்யவோ கூடாது. முதல் நான்கு மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்வோம். இதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை, ஆனாலும் நானும் சொல்கிறேன். நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஊசி போட்ட இடத்தில் லேசான வீக்கம், ரத்தக்கட்டு, ஒருநாள் தலைவலி இவையெல்லாம் வந்து போகும். கொஞ்சம் சங்கடமானது இமை இறங்குவது. மருந்து சற்றே கீழே கசிந்து, மேல் இமையைத் தூக்கும் தசையைத் தொட்டுவிட்டால், ஒரு கண் பாதி மூடியது போல் தெரியும். சில வாரங்களில் தானே சரியாகும், சொட்டு மருந்தாலும் ஓரளவு தூக்கிவிடலாம். அந்தச் சில வாரங்கள் வகுப்பில் நிற்பது உங்களுக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்கள், ஊசி போடும் இடத்தில் புண்ணோ தொற்றோ இருப்பவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது.

நிறுத்தினால் மோசமாகுமா? ஆகாது. பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். நான்கு மாதம் கோடில்லாத முகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பழைய கோடு பெரிதாகத் தெரியும். பலர் 'மோசமாகிவிட்டது' என்று சொல்வது அதைத்தான்.

இனி தோழியின் ஃபில்லர். நான் நிதானமாகப் பேச விரும்புவது இதைத்தான், ஏனென்றால் 'ஒன்றும் செய்யாது' என்ற சொல் இதோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபில்லர் தசையைத் தொடுவதில்லை. பள்ளத்தை நிரப்புகிறது. இன்று அதிகம் போடுவது ஹயலுரானிக் அமிலக் களி. இந்தப் பொருள் நம் தோலிலும் மூட்டிலும் இருப்பதுதான், தண்ணீரைப் பிடித்துவைப்பதுதான் அதன் குணம். அந்தவகையில் தோழி சொன்னது சரி. ஆனால் ஊசியில் வருவது சீக்கிரம் கரையாதபடி வேதிமுறையில் பின்னப்பட்ட களி. வகையையும் இடத்தையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும், சில இடங்களில் அதற்கு மேலும். மூக்கோர மடிப்புக்கு இது உதவும். பல நேரம் மடிப்பிலேயே போடாமல் கன்னத்தில் கொஞ்சம் தாங்கல் கொடுத்தாலே மடிப்பு குறையும். மடிப்பையே அடைத்து அடைத்து வைத்தால் முகம் உப்பி, வயதைக் குறைப்பதற்குப் பதில் வேறு ஆளாக்கிவிடும். அப்படிப்பட்ட முகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், முகம் முழுக்க ரத்தக்குழாய்கள். ஊசி முனை ஒரு தமனிக்குள் போய்விட்டு, களி உள்ளே இறங்கினால் அந்தக் குழாய் அடைபடும். அது ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த தோல் வெளுத்து, பிறகு வலைபோல் நீலம் பாரித்து, கவனிக்காவிட்டால் அழுகிவிடும். இன்னும் கொடியது ஒன்றுண்டு. புருவ நடுவிலும் மூக்கிலும் உள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புள்ளவை. களியை அழுத்தித் தள்ளும்போது அது பின்னோக்கிப் போய், விழித்திரைக்கான ரத்தத்தை அடைத்துவிடலாம். அப்படி ஆனால் பார்வை அந்த நொடியிலேயே போகும், பெரும்பாலும் திரும்புவதில்லை. இது மிக அரிது. அரிது என்பதால் நடக்காது என்றில்லை. தோழி பாதுகாப்பானது என்று சொன்ன அந்தக் களியைப் புருவ நடுவில் போடுவதற்கு நான் தயங்குவேன். விஷம் என்று அவர் ஒதுக்கிய ஊசியை அதே இடத்தில் தயங்காமல் போடுவேன்.

ஹயலுரானிக் அமில ஃபில்லருக்கு ஒரு முறிமருந்து உண்டு. ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் அந்தக் களி கரைந்துவிடும். தோல் வெளுக்கும்போதே போட்டால் தோலைக் காப்பாற்றலாம். பாட்டுலினம் ஊசிக்கு இப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது, அது தானே தேயும்வரை பொறுக்க வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், பாலிலாக்டிக் அமிலம் போன்ற வேறு வகை ஃபில்லர்களும் ஹயலுரானிடேஸுக்குக் கரையா. முதல் முறை போடுபவர் கரைக்கக்கூடிய வகையோடு நிற்பது நல்லது. முகத்தில் திரவ சிலிக்கோன் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் களியை உள்ளே செலுத்தும் பேனா போன்ற கருவிகளும் விற்கிறார்கள். அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் எச்சரித்தது.

ஆகவே அழகு நிலையம் என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். அங்கிருப்பவர் நல்லவரா, கை சுத்தமா என்பதல்ல பிரச்சினை. தோல் வெளுக்கும் அந்த நிமிடத்தில் அதை அடையாளம் கண்டு, ஹயலுரானிடேஸ் குப்பியை உடைத்துப் போடத் தெரிந்தவர் அந்த அறையிலேயே இருக்கிறாரா என்பதுதான். தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடமோ போங்கள். அங்கேயும், "ஹயலுரானிடேஸ் இங்கே இருக்கிறதா, எனக்கு ஏதாவது ஆனால் இரவில் யாரைக் கூப்பிடுவது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் உங்கள் முகத்தைக் கொடுக்க வேண்டாம். மருந்துப் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, பெயரும் தொகுதி எண்ணும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் அமெரிக்காவில் போலியான அல்லது முறையாகக் கையாளப்படாத பாட்டுலினம் ஊசி போட்டுக்கொண்டு, பார்வை மங்கி, விழுங்க முடியாமல் பல மாநிலங்களில் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஊசி போட்டவர் உரிமமோ பயிற்சியோ இல்லாதவர், அல்லது போட்ட இடம் வீடு, அழகு நிலையம் போன்ற மருத்துவமனை அல்லாத இடம்.

ஃபில்லர் போட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி, தோல் வெளுப்பு, நீலத்திட்டு, பார்வையில் மாற்றம் எது வந்தாலும் 'காலையில் பார்க்கலாம்' என்று படுக்கக் கூடாது. களியோடு பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்து கலந்திருப்பதால் வலி முதலில் தெரியாமலும் போகலாம். அதனால் கண்ணாடியில் நிறத்தைப் பாருங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது ரத்தக்கட்டைக் கொஞ்சம் கூட்டும், சில நாள் மஞ்சளும் நீலமுமாக இருக்கும், போய்விடும். அதற்கு அஞ்சி இதயத்துக்கான மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு. ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், மாற்றம் தேவை என்றால் இதய மருத்துவர் சொல்லட்டும். மீன் எண்ணெய் மாத்திரை, வலிக்காக அவ்வப்போது போடும் ஐபுப்ரோஃபென் இவற்றை மட்டும் ஒரு வாரம் தள்ளிவைக்கலாம். ஃபில்லர் போடுவதாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் பல் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் புருவ நடுவுக்கு மட்டும் பாட்டுலினம் ஊசி, அதுவும் குறைந்த அளவில் தொடங்கச் சொல்வேன். ஓய்விலும் நிற்கும் கோடு முதல் முறையிலேயே முழுதாக மறையாது, ஆழம் குறையும். மூக்கோர மடிப்பை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்வேன். அதற்குள் காலையில் சன்ஸ்கிரீனும் இரவில் ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகைக் களிம்பும் பழகட்டும். வெயில்தான் தோலின் நாரை அறுக்கும் முதல் எதிரி. இந்தக் களிம்பு முதல் சில வாரம் தோலை உரிக்கும். வாரம் இரண்டு இரவு என்று தொடங்க வேண்டும்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். விடைத்தாள் திருத்தும்போது தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படிக்கிறீர்களா? 47 வயதில் கிட்டப் படிக்கும் பார்வை குறைந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. கண்ணாடி இல்லாமல் ஒரு கட்டு விடைத்தாள் திருத்தினால் அந்தப் புருவத் தசை இரண்டு மணி நேரம் விடாமல் வேலை செய்கிறது. ஊசிக்கு நேரம் வாங்குவதற்கு முன்னால் கண் பரிசோதனைக்குப் போய் வாருங்கள்.