கணினி கேள்வி-பதில்: கண்ணெதிரே இருக்கும் கோப்பை ‘இல்லை’ என்கிறதே!

இந்த மாதம் நம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் நான்கு ஒரே தொல்லையைச் சுற்றி வருகின்றன. லினக்ஸில் ஒரு நிரலை நிறுவுகிறோம். அதற்குத் துணையாக வேண்டிய லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்துண்டுகளின் கோப்பு) இல்லை என்று அது நின்றுவிடுகிறது. பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன்; முனையத்தில் (டெர்மினல்) தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

மார்த்தாண்டம் அருகே தேனீ வளர்க்கிறேன். ரப்பர் துளிர்விட்டுத் தேன் எடுப்பு தொடங்கிவிட்டது. குப்பிகளுக்கு லேபிள் அச்சிட வேண்டும். மருமகன் கணினியில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸைப் போட்டுத் தந்தான். அச்சுப்பொறி நிறுவனத்தின் தளத்தில் சொன்னபடி, ‘ஃபோர்ஸ்-ஆல்’ என்ற சொல்லையும் சேர்த்து டிரைவரை நிறுவினேன். பட்டியலில் அச்சுப்பொறி தெரிகிறது. அச்சிடச் சொன்னால் ‘ஃபில்டர் ஃபெயில்டு’ என்கிறது. கோப்பை அச்சுப்பொறிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் அந்த ஃபில்டர் நிரலை நேரடியாக இயக்கிப் பார்த்தால் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’. ஆனால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே!
— தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்

ஐயா, உங்கள் கண்ணில் பிழை இல்லை. கோப்பு இருக்கிறது. இல்லாதது வேறொன்று, கணினி அதன் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டது. லினக்ஸில் ஆட்களை அதிகம் அலைக்கழிக்கும் பிழைச் செய்தி என்று இதைத்தான் நான் சொல்வேன்.

ஒரு நிரலை இயக்கும்போது லினக்ஸின் மையமான கெர்னல் முதலில் அந்த நிரலின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் ஒரு பெயரைப் படிக்கிறது. லைப்ரரிகளைத் தேடி எடுத்து நிரலோடு பொருத்தும் ஏற்றியின் பெயர் அது. அந்த ஏற்றி வட்டில் இல்லாவிட்டால் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்ற பதில் வருகிறது. ஏற்றி இல்லை என்பதை, நிரலே இல்லை என்று நாம் படித்துக்கொள்கிறோம்.

சோதித்துப் பாருங்கள். ‘ஃபைல்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஃபில்டர் நிரலின் முழுப் பாதையையும் கொடுங்கள். ஒரு நீண்ட வரி வரும். அதில் ‘32-பிட்’, ‘இன்டெல் 80386’ என்ற சொற்களும், ‘இன்டர்ப்ரட்டர்’ என்ற சொல்லை அடுத்து ‘எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2’ என்ற பெயரும் இருக்கும் என்பது என் கணிப்பு. உங்கள் உபுண்டு 64-பிட். அதற்குரிய ஏற்றியும் லைப்ரரிகளும் மட்டுமே அதில் இருக்கின்றன. மார்த்தாண்டம் பெட்டியின் சட்டத்தை இத்தாலியத் தேனீப் பெட்டிக்குள் வைத்தால் நிற்குமா? இரண்டும் மரச்சட்டம்தான், அளவு வேறு. 32-பிட் நிரல் 64-பிட் லைப்ரரியோடு பொருந்தாததும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது இது. முதலில் ‘சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386’. ‘ஆட்’ என்பதற்கு முன் இரண்டு சிறு கோடுகள் வர வேண்டும். ‘சூடோ’ என்றால் நிர்வாகி உரிமையோடு இயக்கு என்று பொருள். இனி 32-பிட் பேக்கேஜ்களையும் (நிறுவத் தயாரான கோப்புத் தொகுப்புகள்) ஏற்கலாம் என்று கணினிக்கு இது தெரிவிக்கிறது. அடுத்து, பேக்கேஜ்களை இணையத்திலிருந்து கொண்டுவரும் ஆப்ட் கருவிக்கு ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. இதை விட்டுவிட்டால் புதிய பட்டியல் வராது, அடுத்த அடியும் பலிக்காது. பிறகு ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்சி6:ஐ386’. ஏற்றி இந்தப் பேக்கேஜில்தான் வருகிறது.

இப்போது ‘எல்டிடி’ என்று தட்டி, அதே ஃபில்டரின் பாதையைக் கொடுங்கள். ஏற்றி இல்லாதபோது இதே கட்டளை ‘நாட் எ டைனமிக் எக்ஸிகியூட்டபிள்’ என்று தவறான வழி காட்டியிருக்கும்; இனி ஒழுங்காகப் பேசும். அந்த நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகள் வரிசையாக வரும். எந்த வரியின் முடிவில் ‘நாட் ஃபவுண்ட்’ இருக்கிறதோ அதை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, அதற்குரிய ஐ386 பேக்கேஜை நிறுவுங்கள். ‘லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6’ கிடைக்கவில்லை என்றால் ‘லிப்எஸ்டிடிசி++6:ஐ386’. மறுபடி எல்டிடி. ‘நாட் ஃபவுண்ட்’ ஒன்றும் மிஞ்சாதபோது லேபிள் வரும்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். ‘ஃபோர்ஸ்-ஆல்’ என்பதை வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுப்பது பெருந்தவறு. ‘இந்தப் பேக்கேஜ் உன் கணினிக்குப் பொருந்தாது’ என்று முதலிலேயே வந்திருக்க வேண்டிய எச்சரிக்கையின் வாயை அது அடைத்துவிட்டது. வந்திருந்தால் உங்கள் நாட்கள் மிச்சமாகியிருக்கும். டெப் கோப்பை (உபுண்டுவுக்கான பேக்கேஜ் கோப்பு) இறக்கினால் டிபிகேஜி மூலம் நிறுவாதீர்கள். அது துணைகளைத் தேடித் தராது. கோப்பு இருக்கும் அடைவுக்கு (ஃபோல்டர்) போய், ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்று தட்டி, ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டு, இடைவெளி இல்லாமல் கோப்பின் பெயரைக் கொடுங்கள். துணைகளையும் ஆப்ட் சேர்த்தே கொண்டுவரும்.

ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றின் வேகத்தைப் பதிவு செய்யும் இறுதியாண்டுத் திட்டம் செய்கிறோம். மூலநிரலை இறக்கி, தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் ‘கன்ஃபிகர்’ ஓட்டினால், தரவுகளைச் சேமிக்கும் எஸ்கியூலைட் லைப்ரரி இல்லை என்கிறது. ஆனால் அந்த லைப்ரரியை ஏற்கெனவே நிறுவியிருக்கிறோம். ஆப்டும் அப்படியே சொல்கிறது. யாரை நம்புவது?
— பொறியியல் மாணவி, நாகர்கோவில்

இரண்டும் உண்மையே சொல்கின்றன. டெபியன் என்ற லினக்ஸும் அதன் வழிவந்த உபுண்டுவும் ஒரு லைப்ரரியை இரண்டாகப் பிரித்துத் தருகின்றன. ‘லிப்எஸ்கியூலைட்3-0’ நிரல் ஓடுவதற்கு. ‘லிப்எஸ்கியூலைட்3-டெவ்’ நிரலைக் கட்டுவதற்கு. மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர் படிக்க வேண்டிய ‘எஸ்கியூலைட்3.ஹெச்’ என்ற ஹெடர் கோப்பு இதில் இருக்கிறது. உங்களிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. தோழியின் கணினியில் ஃபெடோரா என்ற வேறு லினக்ஸ் இருந்தால் அங்கே பெயர் ‘எஸ்கியூலைட்-டெவல்’.

எந்த ஹெடர் எந்தப் பேக்கேஜில் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘ஆப்ட்-ஃபைல்’ என்ற கருவியை நிறுவி, ஒருமுறை ‘ஆப்ட்-ஃபைல் அப்டேட்’ கொடுத்துவிட்டு, ‘ஆப்ட்-ஃபைல் செர்ச்’ என்பதோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதுவே சொல்லும். கன்ஃபிகர் திரையில் காட்டுவது சுருக்கம்தான். அதே அடைவில் ‘கன்ஃபிக்.லாக்’ என்ற கோப்பு இருக்கும். அதைத் திறந்து கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். எந்தச் சோதனை, எந்த வரியில், ஏன் தோற்றது என்பது எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கும்.

எல்லாம் கட்டி ‘மேக் இன்ஸ்டால்’ முடிந்த பிறகு, ‘இப்போதுதானே நிறுவினேன், அந்த லைப்ரரியைக் காணோம் என்கிறதே’ என்று இன்னொரு கடிதம் எழுத நேரலாம். அதற்கும் இப்போதே பதில்: ‘சூடோ எல்டிகன்ஃபிக்’. ஏற்றி ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதையும் தேடுவதில்லை. முன்பே தயாரித்த ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. புதிய வரவை அந்த அட்டவணையில் ஏற்றுவதே இந்தக் கட்டளையின் வேலை.

குளச்சலில் மீன் ஏலக் கமிஷன் கணக்கு எழுதுகிறேன். 2019-இல் செய்து வாங்கிய நிரல், புதிய உபுண்டுவில் ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1’ இல்லை என்கிறது. கணினியில் ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3’ இருக்கிறது. பழைய பெயரில் அதைச் சுட்டும் ஓர் இணைப்புப் போட்டுவிடு, ஓடும் என்கிறான் நண்பன். போடலாமா?
— இளைஞர், குளச்சல்

போடாதீர்கள், தம்பி. பெயரின் முடிவில் இருக்கும் எண் ஒரு வாக்குறுதி. அந்த எண் மாறாதவரை பழைய நிரல் எதிர்பார்த்தபடியே லைப்ரரி நடந்துகொள்ளும். மாறிவிட்டால் உள்ளே உள்ளவையும் மாறியிருக்கின்றன என்று பொருள். லிப்எஸ்எஸ்எல் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைச் சேர்ந்தது; 2021-இல் வந்த அதன் 3.0 பதிப்பு அப்படிப்பட்ட மாற்றம். உபுண்டு 22.04 முதல் அதுதான் இருக்கிறது, 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. உங்கள் இணைப்பை ஏற்றி கண்டுபிடித்து, பதிப்பு பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். எல்லா லைப்ரரிகளிலும் இந்தக் கண்டிப்பு கிடையாது. சிலவற்றில் நிரல் ஓடத் தொடங்கும், கணக்கின் நடுவே விழும். அது ஏலக்காரரின் பணம்.

இதில் நான் பட்ட அடி உண்டு. 2005-இல் வடசேரியில் நண்பர் ஒருவரின் பிரௌசிங் சென்டரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கடையின் எல்லாக் கணினிகளுக்கும் ஒரு லினக்ஸ் இயந்திரம் வழியாகத்தான் இணையம். மறுநாள் பிளஸ் டூ தேர்வு முடிவு. அன்று மாலை நிறுவிய ஒரு நிரல் சி லைப்ரரியின் புதிய பதிப்பு வேண்டும் என்றது. வேறொரு கணினியிலிருந்து அதைக் கொண்டுவந்து, ‘லிப்சி.எஸ்ஓ.6’ என்ற இணைப்பை அதை நோக்கித் திருப்பினேன். அடுத்து ‘எல்எஸ்’ என்று தட்டினேன், பிழை. ‘சிபி’, பிழை. திருப்பிய இணைப்பை மீட்கும் கட்டளைக்கும் அதே பிழை, ஏனென்றால் அந்தக் கட்டளைக்கும் சி லைப்ரரி வேண்டும். திறந்திருந்த முனையத்தில் ‘எக்கோ’வும், அடைவு மாற்றும் ‘சிடி’ கட்டளையும் மட்டும் உயிரோடு இருந்தன, அவை கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பவை. ‘எக்கோ’வுக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி இட்டுக் கோப்புகளின் பெயர்களைப் பார்த்தேன். எல்லாம் இருந்தன, ஒன்றையும் தொட முடியவில்லை. அணைத்துப் போட்டேன். ‘கெர்னல் பேனிக்’ என்று நின்றது.

வட்டில் நிறுவாமலே ஓடும் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸின் சிடி ஒன்று திங்கள்சந்தையில் நண்பர் வீட்டில் இருந்தது. பஸ் பிடித்துப் போய் வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸில் திரும்பினேன். சிடியிலிருந்து கணினியைத் தொடக்கி, வட்டை இணைத்து, இணைப்பைப் பழைய கோப்புக்கே திருப்பினேன். செய்த வேலை ஒரே வரி. மணி இரவு ஒன்றரை. காலையில் கதவைத் திறக்கும் முன்பே, பதிவெண்ணைக் கைகளில் எழுதிக்கொண்டு பிள்ளைகள் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே, நிரலைச் செய்து தந்தவரிடம் புதிய உபுண்டுவில் மறுபடி கட்டித் தரச் சொல்லுங்கள். அதுவே முறையான தீர்வு. அவரைப் பிடிக்க முடியாவிட்டால், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் உபுண்டு 20.04 நிறுவி, அதில் இந்த ஒரு நிரலை மட்டும் ஓட்டுங்கள். அந்தப் பெட்டிக்கு இணைய இணைப்புக் கொடுக்காதீர்கள். பழைய லைப்ரரியை எங்கோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, உங்கள் புதிய கணினியில் போடவும் வேண்டாம். கடவுச்சொற்களைக் காக்கும் லைப்ரரியை முகமறியாதவர் கையிலிருந்து வாங்குவது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது.

மகளுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. எதை நிறுவச் சொன்னாலும் ‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்’ என்கிறது.
— இல்லத்தரசி, தக்கலை

முதலில் ‘சூடோ ஆப்ட்-கெட் அப்டேட்’ கொடுங்கள். பட்டியல் பழையதாக இருந்தால் அதோடு சரியாகிவிடும். அதற்கு ‘404’ என்ற எண்ணோடு பிழை வந்தால், அந்தப் பதிப்புக்கான பேக்கேஜ் களஞ்சியம் அந்த முகவரியில் இப்போது இல்லை; லைப்ரரியைத் தனியாகத் தேடிப் பயனில்லை. மகளின் கோப்புகளையும் படங்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு ‘எல்எஸ்சிபியு’ என்று தட்டி, வரும் முதல் சில வரிகளையும், நினைவகம் எவ்வளவு என்பதையும் எழுதி அனுப்புங்கள். அந்தக் கணினிக்கு இன்றைய எந்த லினக்ஸ் பொருந்தும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.